எவடம் என்று கேட்காத மெக்கானிக்

வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். அறை எங்கே கிடைக்கும், பகுதிநேர வேலை உண்டா, மிளகாய்த்தூள் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டுமா. கார் மெக்கானிக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கார் வாங்கும் எண்ணத்தோடு யாரும் விமானம் ஏறுவதில்லை என்பதால் இருக்கலாம். நானும் அப்படித்தான் 2016-இல் டொரண்டோ வந்தேன். குடியிருந்தது ஸ்கார்பரோவில், வேலை கிடைத்தது ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில். இரவு ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பேருந்து கிடையாது. இரண்டு பனிக்காலம் தாக்குப்பிடித்துவிட்டுப் பத்து வருடம் ஓடிய ஒரு டொயோட்டா கொரோலாவை வாங்கினேன். பழைய கார் வாங்கினால் நம் சேமிப்பின் சாவி பாதி நேரம் மெக்கானிக் கையில்தான் இருக்கும். முன் சக்கரம் இரண்டுக்கும் பிரேக் வேலை செய்தால் 400 டாலர் போய்விடும். பட்டாசு ஆபீசில் உட்கார்ந்து என் அம்மா சம்பாதிக்கும் இரண்டு மாதக் கூலி அது. எனவே இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நம் மொழி பேசும் மெக்கானிக் எதற்கு, எல்லோருக்கும்தான் ஆங்கிலம் தெரியுமே என்று கேட்கலாம். நான் பொறியியலை ஆங்கிலத்தில் படித்தவன். ஆனாலும் முதன்முதலாகக் காரிலிருந்து சத்தம் வந்து, ஒரு பெரிய சர்வீஸ் கடையின் முன்மேசையில் போய் நின்று, "என்ன மாதிரி சத்தம்?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. 'நாய்ஸ்' என்ற ஒரு சொல்லைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. கார் நோய்க்கு மருத்துவம் பார்ப்பதில் பாதி வேலை சத்தத்தைச் சொல்வதுதான். அதற்குத் தமிழில் இருக்கும் வசதியை நாம் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது 'கிறீச்' என்றால் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். பேட் ஓர் அளவுக்குக் கீழே தேய்ந்தால் வட்டில் உரசிச் சத்தம் போடட்டும் என்றே ஒரு சின்ன இரும்புத் தகட்டை அதில் வைத்திருப்பார்கள். அந்தக் கிறீச் 'கரகர' என்று மாறினால் பேட் முடிந்து இரும்பும் இரும்பும் உரசுகிறது, இனி ஓட்டக்கூடாது. வேகம் கூடக் கூட 'ஊம்' என்று ஏறிக்கொண்டே போனால் சக்கரத்து பேரிங். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்றால் அச்சு முனையில் இருக்கும் சி.வி. ஜாயிண்ட். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது 'லொடக்கு லொடக்கு' என்றால் சஸ்பென்ஷனில் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அது சும்மா ஒரு லிங்க் ராடாக இருந்தால் சில வாரம் பொறுக்கலாம், பால் ஜாயிண்டாக இருந்தால் ஒருநாள் சக்கரமே கழன்று சாலையில் மடங்கிவிடும். இந்த ஊரில் பனி உருக சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு காரின் அடிவயிற்றைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே ஏதாவது ஒரு சத்தம் வந்துகொண்டேதான் இருக்கும். கரகரவுக்கும் கிறீச்சுக்கும் வித்தியாசம் புரிகிற காது எதிரில் இருந்தால், தேவையில்லாத ஒரு சாமானை மாற்றும் செலவு மிச்சம்.

ஸ்கார்பரோவில் அந்தக் காதுக்குப் பஞ்சமில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர்கள் அலை அலையாகக் கனடாவுக்கு வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டது இங்கே பலரும் சொல்லும் கதை. வந்தவர்கள் உணவகங்களில் தட்டுக் கழுவினார்கள், தொழிற்சாலைகளில் நின்றார்கள், கராஜ்களில் எண்ணெய்க் கறையோடு கிடந்தார்கள். அவர்களில் சிலர் பிறகு சொந்தமாகக் கராஜ் வைத்தார்கள். தமிழில் பெயர்ப்பலகை எழுதிய கராஜைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். சக்கரத்தைச் 'சில்லு' என்பார்கள், ஆயிலை 'ஒயில்' என்பார்கள், பேசுவதைக் 'கதைக்கிறது' என்பார்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பழகாதது ஒரு கேள்வி. "எவடம்?"

எவ்விடம் என்பதன் சுருக்கம். யாழ்ப்பாணத்துத் தோழர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரித்து முடிந்ததும் முகம் மாறும். எவடம் என்று தொடங்கி, ஊர், ஊரில் எந்தக் கோயிலடி, யாருடைய வளவுக்குப் பக்கம் என்று நாலு கேள்வியில் சாதியைப் பிடித்துவிடலாம். நம் பக்கம் இதற்கு வேறு பாடம். "எந்த ஊரு, ஊருல எந்தத் தெரு?" அவ்வளவுதான், இரண்டு கேள்வி போதும். 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே விடு என்று நின்ற மக்கள் இருந்த மண்ணும், கே. டானியல் 'பஞ்சமர்' எழுதிய மண்ணும் அதுதான் என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் தாண்டினால் தமிழர் என்ற ஒரே அடையாளம்தான் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி காதில் விழுவதில்லை. அவர்களை யாரும் கேட்பதில்லை போலும்.

நான் முதலில் போன தமிழ்க் கராஜில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். வாசலில் நின்ற பெரியவர், "தம்பி எவடம்?" என்றார். இந்தியா, சிவகாசிப் பக்கம் என்றேன். "அட, உங்கட ஆள் ஒருத்தர் இஞ்ச நிக்கிறார்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் அவருடைய கூட்டாளி, நம்ம தென்மாவட்டத்துக்காரர்.

"சிவகாசியில எங்க தம்பி?"

"நாரணாபுரம்ணே."

"நாரணாபுரமா! நம்ம சொந்தக்காரக அங்க இருக்காக தம்பி. எந்தப் பக்கம்? ஆபீஸ் வச்சிருக்கீகளா?"

எங்கள் பகுதியில் பட்டாசு ஆலையையும் தீப்பெட்டி ஆலையையும் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸ் வைத்திருப்பது ஒரு வகை, ஆபீசுக்குப் போவது இன்னொரு வகை.

"வைக்கலண்ணே. அம்மா ஆபீசுக்குப் போறாங்க. காலனி."

"சரி சரி" என்றார். அதுவரை வாய்க்கு வாய் வந்த 'தம்பி' அதன்பின் வரவில்லை. முன் பிரேக் வட்டு இரண்டும் போச்சு, மாற்றணும் என்றார். எழுதித் தாருங்கள் என்றேன். "பில்லு எதுக்கு? நம்ம ஆளுகளுக்குள்ள பில்லா? காசாக் குடுத்தா 13 சதவீத வரி மிச்சம்." வரியைக் கட்டுகிறேன், பில் வேண்டும் என்றேன். நம்பிக்கை இல்லையா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் மொத்தத் தொகையை மட்டும் எழுதி நீட்டினார். ஆறு வாரத்தில் கரகர சத்தம் வந்தது. போய் நின்றால், பழைய சாமான்தானே போட்டோம், அதுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். புதியதா பழையதா என்பது அந்த அட்டையில் எங்கே இருக்கிறது? உள்ளே இருந்து யாரோ சொன்னார்: "உங்க ஆளுகளுக்கு எவ்வளவு செஞ்சாலும் பத்தாதுப்பா." அந்த 'உங்க ஆளுக' யார்? இந்தியர்களா, மாணவர்களா? காலனிக்காரன் காதுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம ஆளு, உங்க ஆளு. இந்த இரண்டு சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் பகுதியின் தொழில் வரலாறே 'நம்மாளு' மேல் கட்டியது. 1899-இல் சிவகாசியில் நாடார்கள் மீது பெருந்தாக்குதல் நடந்தது. கோயிலுக்குள் விடாதவர்கள் வீட்டையும் கொளுத்தினார்கள். அந்த மக்கள்தான் உறவின்முறை, மகமை என்று தங்களுக்குள் காசு திரட்டினார்கள். விருதுநகரில் 1885-இலேயே பள்ளி தொடங்கியிருந்தார்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். ஒடுக்கப்பட்ட ஒரு சாதி தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்ட வரலாறு இது. இதை நான் மரியாதையோடுதான் படிக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கையின் வட்டம் எங்கே முடிகிறது என்பதை, அதே ஊரில் காலனியில் பிறந்தவன் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை.

என் மாமா ஒருவர் லாரிப் பட்டறையில் சின்ன வயதிலிருந்து வேலை பார்த்தவர். 'பதினாலு பதினஞ்சு எடுறா' என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஸ்பேனரை எடுத்து நீட்டுவார். இன்ஜினைப் பிரித்து மாட்டுவார். டீ வரும்போது மட்டும் அவர் கிளாஸ் ஜன்னல் ஓரத்தில் தனியாக இருக்கும். பிரேக் சரியாக இருக்கிறதா என்று அவர் சொல்லை நம்பி லாரியை எடுப்பார்கள், அவர் தொட்ட கிளாசை எடுக்க மாட்டார்கள். இதில் நம்பிக்கை என்பது என்ன? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வண்டியும் நம்பிக்கையும் நமக்குப் பழைய சங்கதி. அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படிக்காதவர்கள் படித்துவிடுங்கள், சின்னப் புத்தகம்தான். சிறுவனாக 1901-இல் அப்பாவைப் பார்க்க கோரேகாவ் போனபோது மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளே வண்டியை ஓட்டட்டும், நான் நடந்து வருகிறேன் என்றார். 1929-இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து முடித்து, அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகப் போனபோது, சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டத் தெரியாத நம்மவர் ஒருவர் ஓட்ட, பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. அன்பாக ஓட்ட முன்வந்தவருக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டத் தெரிந்தவருக்கு மனமில்லை. நமக்கு மெக்கானிக் தேடும்போதும் இந்த இரண்டு பக்கமும் நினைவில் இருக்கட்டும். நம்மவர் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் பிரேக்கைக் கொடுக்க முடியாது.

இரண்டாவது மெக்கானிக்கை எனக்குக் காட்டியவர் தமிழரே இல்லை. கிடங்கில் கூட வேலை பார்த்த கயானாக்காரர். "அந்தக் கிழவனிடம் போ, எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் கை வைப்பான்" என்று அனுப்பினார். போய்ப் பார்த்தால் யாழ்ப்பாணத்துத் தமிழர். பிலிப்பைன்ஸ்காரர்கள், சோமாலியர்கள், ஆப்கானியர்கள் என்று வாசலில் எல்லா நாட்டுக் கார்களும் நின்றன. "என்ன சத்தம் தம்பி?" என்றார். கரகர என்றேன். எவடம் என்று கேட்பார், சொல்லிவிட வேண்டியதுதான் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கேட்கவில்லை. காரை மேலே தூக்கி, கைவிளக்கைப் பிடித்து, அடியில் வரச் சொன்னார். "இஞ்ச பாரும். இது கடைஞ்சு போட்ட பழைய வட்டு. புதுசெண்டு சொல்லியிருந்தா அது பொய்." பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு இணைப்பை ஆட்டிக் காட்டினார். "இதுக்கு இன்னும் காலம் இருக்கு. இப்ப காசைச் செலவழியாதையும். அடுத்த பனிக்கு முன்னம் பாப்பம்." அதற்கப்புறம் ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதினார்.

அந்தத் தாள் அவருடைய தாராளம் கிடையாது, சட்டம். ஒன்டாரியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனப் பழுதுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். என்ன வேலை, எந்தச் சாமான், அது புதியதா, பழையதா, புதுப்பித்ததா, கூலி எப்படிக் கணக்கு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி பில் அந்த மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. புதிய அல்லது புதுப்பித்த சாமானுக்கும் அதை மாட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய சாமானைச் சுத்தமான பையிலோ பெட்டியிலோ போட்டுத் தருவதாக அவர்களே சொல்ல வேண்டும். மெக்கானிக்குக்கும் உரிமம் கட்டாயம், 310எஸ் என்பது அந்தத் தொழிலின் எண், உரிமம் உண்டா என்று மாகாணத்தின் பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். கலிபோர்னியா போகிறவர்களுக்கு: அங்கேயும் எழுத்து மதிப்பீடு உண்டு, வேலை தொடங்குமுன் சொல்லிவைத்தால் பழைய சாமானைக் கேட்டு வாங்கலாம். 'நம்ம ஆளுக்குள்ள பில்லா' என்பவர் வரியை மட்டும் மிச்சம் பிடிப்பதில்லை. இத்தனை உரிமையையும் சேர்த்துத்தான் கழிக்கிறார்.

2022 கோடையில் அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டதிலிருந்து அவருக்கு வேலை நாட்கள் குறைந்திருந்தன, வர நேரம் இருந்தது. ஒருநாள் கராஜுக்கும் கூட்டிப்போனேன். வாடிக்கையாளரின் உரிமைகளைச் சுவரில் பலகையாக மாட்டியிருந்தார்கள். அது என்ன என்று கேட்டார், தமிழில் சொன்னேன். அம்மா அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். முதலில் தானாகப் படித்தது ஆபீசில் தான் உட்கார்ந்திருந்த அறையின் சுவரைத்தான் என்று சொல்வார். அந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று எழுதியிருக்கும். 4 என்று எழுதிய அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரி வரும் நாளில் மூன்று பேரைப் பின்பக்கம் அனுப்புவார்கள். பலகையைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டார்: "செவத்துல எழுதிப் போட்டா ஆச்சா? அதும்படி நடக்காகளா?"

மெக்கானிக் ஐயா பதில் சொல்லவில்லை. உள்ளே போய், அன்று கழற்றிய பிரேக் பேட் இரண்டையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். அம்மா அதை எடுத்து, நகத்தால் தடவி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். காகிதக் குழாயில் மருந்து அளவைக் கண்ணாலேயே பார்க்கிற விரல்கள். "சரிதான், மாத்த வேண்டியதுதான்" என்று என்னிடம் சொன்னார். ஆங்கிலக் கடையாக இருந்தால் அம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

இத்தனை வருடத்தில் அந்த ஐயாவின் சாதி எனக்குத் தெரியாது. அவர் ஊர் எது என்று கேட்டால் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. அவரும் நம்மைப்போல் ஒடுக்கப்பட்டவராக இருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் என் பிரேக் பிடிப்பதற்கான காரணம் அந்தத் தாளிலும் அவருடைய கைவிளக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது. என்னைக் கேட்காதவரைப் பற்றி நான் விசாரிப்பது எனக்கு ஒப்பவில்லை.

2023 மார்ச்சில் டொரண்டோ மாவட்டப் பள்ளி வாரியம் பள்ளிகளில் சாதி ஒடுக்குமுறை இருக்கிறது என்று ஏற்றுத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம், சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று கொள்கை வெளியிட்டது. அந்தச் சட்டம் வேலை, குடியிருப்பு, சேவை மூன்றையும் தொடும். கராஜும் சேவைதான். அதற்குச் சில மாதம் முன்பு, பிப்ரவரியில், அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. இதையெல்லாம் யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை, பேசிப் பேசி, மனுப் போட்டு, வசவு வாங்கி நம் தோழர்கள் பெற்றது. தாள் இருக்கிறது. கேட்டால்தான் அது வேலை செய்யும். அம்மாவின் கேள்வி அதுதான்.

இங்கே இருக்கும் மாணவர்கள் சேர்ந்து கராஜ்களைப் பற்றி ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். கடைக்கு ஒரு வரி, அதில் நாலு கட்டம். எழுத்தில் மதிப்பீடு தந்தாரா. பழைய சாமானைக் காட்டினாரா. தமிழில் விளக்கினாரா. எவடம் கேட்டாரா. நாலாவது கட்டத்தைச் சேர்த்தபோது இது பிரிவினை என்று இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். போகட்டும். எவடம் என்று கேட்டதாலேயே ஒரு கடையை நாங்கள் விலக்குவதில்லை, பிரிந்து வந்த ஊரைப் பற்றிய ஏக்கத்தில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டபின் விலை மாறியதா, குரல் மாறியதா என்பதைப் பக்கத்திலேயே குறிக்கிறோம். முதல் மூன்று கட்டத்திலும் நன்றாக வந்த இரண்டு கடை தமிழர் கடை இல்லை, அங்கே போகிறவர்களுக்காகச் சத்தங்களை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு குறிப்பும் எழுதிச் சேர்த்திருக்கிறாள் ஒரு தங்கை. புதிதாக வருகிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். பனிக்கால டயர் மாட்ட அக்டோபரிலேயே நாள் வாங்கிவிடுங்கள். முதல் பனி விழுந்த அன்று எல்லாக் கராஜிலும் வரிசை தெருவரை நிற்கும்.